தோம்பு முதல் பிளொக்செயின் வரை: காணிப் பதிவேடுகளின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் இடம்பெறும் வழக்கு தமிழிலக்கியம் பயின்றோர் யாவரும் அறிந்ததே. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை எனக் கூறிவந்த முதிய அந்தணர் அதற்குச் சான்றாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலக வழக்கில் இல்லையே என அவையினர் முதலில் ஐயுறுகின்றனர். ஆனால் கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்று முதியவர் கூறி, அதனை அவைமுன் வைத்ததும் விசாரணையின் போக்கு மாறிவிடுகிறது. ஓலையில் உள்ள கையெழுத்து ஆரூரருடைய பாட்டனாரின் எழுத்துத்தானா என்பதே வினாவாகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு அதனை ஒப்புநோக்கி, எழுத்து ஒத்திருக்கக் கண்டு, அவையினர் தீர்ப்பளிக்கின்றனர்.

இறைவனின் தடுத்தாட்கொள்ளும் அருளை உணர்த்துவதே இவ்வரலாற்றின் நோக்கம். எனினும் ஆவண வரலாற்றை ஆராய்பவனுக்கும் இப்பகுதி பெரிதும் பயன்படுவதாகும். மூலமும் படியும் வேறுபடுத்தப்பட்டமை, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தமை, ஊரவை தீர்ப்பு வழங்கியமை ஆகியவற்றை இதனால் அறிகின்றோம். அதனினும் முக்கியமானது பிறிதொன்று. அவையின்முன் இரு வினாக்கள் இருந்தன. இவ்வோலை மெய்யானதா என்பது ஒன்று. இவ்வோலை கூறுவது முறையானதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கிடைத்ததும் இரண்டாவது வினா கைவிடப்பட்டது. புராணத்தில் அவ்விடைவெளியை இறையருள் நிரப்புகிறது. உலகியல் வழக்குகளில் அதனை நிரப்புவார் இல்லை.

அண்மைக் காலத்தில் காணி உரிமைப் பதிவுகளை பிளொக்செயின் எனும் கணனித் தொழில்நுட்பத்தின்மூலம் பேணவேண்டும் என்ற கருத்துப் பல நாடுகளில் முன்வைக்கப்பட்டுள்ளது. எழுதியதை எவரும் இரகசியமாக மாற்ற இயலாத பதிவேடு ஒன்றினை அது வாக்களிக்கிறது. இவ்வாக்குறுதியின் பெறுமதியை மதிப்பிடுவதற்கு மேற்கூறிய இரு வினாக்களையும் கைவிளக்காகக் கொண்டு, நமது நாட்டின் காணிப் பதிவேடுகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் செம்பும்

எழுதியதை மாற்றவிடாது காக்கும் முயற்சி புதியதன்று. சோழர் காலத்து நிலக்கொடைகள் சந்திர சூரியர் உள்ளவரை நிலைபெறவேண்டும் என்ற வேட்கையோடு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் வழங்கியதைக் கூறும் செப்பேடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 21 ஏடுகளைக் கொண்ட இத்தொகுதி ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் முனைகள் அரச இலச்சினையால் பொருத்தப்பட்டுள்ளன. இடையில் ஓர் ஏட்டைச் சேர்க்கவோ நீக்கவோ விரும்புபவன் இலச்சினையை உடைத்தே ஆகவேண்டும். உடைத்தால் அது வெளிப்பட்டுவிடும். மோசடி செய்ய இயலாதவாறு அன்று, செய்தால் மறைக்க இயலாதவாறு அமைந்த ஏற்பாடு இதுவாகும்.

ஆனால் இலச்சினை மட்டும் போதுமெனச் சோழ நிர்வாகம் கருதவில்லை. அரசனின் வாய்மொழி ஆணை ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் பலரால் ஒப்பிடப்பட்டு, நாட்டாருக்கு அனுப்பப்பட்டது. நாட்டார் அதனை ஏற்று, பெண்யானையை எல்லை வழியே நடத்தி, ஊரார் காணக் கல்லும் கள்ளியும் நாட்டி எல்லையை வரையறுத்தனர். இலச்சினை ஏட்டைக் காத்தது. எல்லை நடந்த நிகழ்ச்சி ஏட்டில் எழுதப்படவிருந்த செய்தியை ஊரார் கண்முன் நிறுத்தியது. இவ்விரு காவல்களும் ஒருங்கே அமைந்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. பின்வந்த காலங்களில் முதலாவது காவல் வலுப்பெற்ற அளவுக்கு இரண்டாவது வலுப்பெறவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம் எனலாம்.

தோம்பு

இலங்கையில் காணிப் பதிவேட்டைக் குறிக்கும் ‘தோம்பு’ என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாகும். லிஸ்பனிலுள்ள அந்நாட்டுத் தேசியச் சுவடிக்கூடம் இன்றும் ‘தோம்புக் கோபுரம்’ எனப் பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அங்கிருந்து பெறத்தக்க இறைகளையும் ஊழியங்களையும் அறிந்துகொள்ள ஊர்வாரியான பதிவுகளைத் தயாரித்தனர். 1645ஆம் ஆண்டைச் சார்ந்த யாழ்ப்பாண இறைப்பதிவு இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இம்முறையை விரிவாக்கினர். மேற்குக் கரையோரப் பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய பதிவு 1766 முதல் 1771 வரையான காலத்தில் திருத்தியமைக்கப்பட்டது. காணித் தோம்பில் ஒவ்வொருவரும் அனுபவிக்கும் தோட்டம், வயல், மரங்களின் தொகை என்பனவும், தலைத் தோம்பில் குடும்ப உறவுகளும் அவரவர் ஆற்றவேண்டிய ஊழியமும் எழுதப்பட்டன. ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, அச்சுவடிகளின் ஒரு பகுதியைப் பேணிவரும் நாடு என்ற வகையில் இலங்கையும் அதில் இடம்பெற்றது.

தோம்பினை மக்களின் உரிமையைக் காக்க எழுந்த ஆவணமாகக் கருதுதல் பொருந்தாது. அது இறை பெறுவோனின் கண்கொண்டு எழுதப்பட்டது. ஒருவனுக்கு எது உரியது என்பதனிலும் அவனிடமிருந்து எது வரவேண்டும் என்பதே அதன் முதல் அக்கறை. ஆயினும் காலப்போக்கில் மக்களே அதனைத் தம் உரிமைக்குச் சான்றாகக் கொள்ளலாயினர். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் காணிப் பதிவு விபரத்தைத் தோம்பு எனக் குறிக்கும் வழக்கம் நிலைத்தமை இதனாலேயாம்.

இக்காலப் பகுதியிலேயே தேசவழமையும் எழுத்துருப் பெற்றது. தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்பேரில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707இல் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். காணி விற்பனை பற்றி அத்தொகுப்புக் கூறும் செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. காணியை விற்க விரும்புபவன் தன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணியாளர்க்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் விற்பனை பற்றிய அறிவித்தல் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கப்படவேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. எழுதுவதற்கு முன்னர் ஊர் அறியவேண்டும், மறுப்புடையோர் மறுப்பதற்கு வாய்ப்புப் பெறவேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்தாகும்.

எனினும் ‘ஊர்’ என்பதில் யார் அடங்கினர் என்ற வினாவும் எழுகின்றது. தேசவழமைத் தொகுப்பு, பன்னிரு முதலியார்களிடம் காட்டப்பட்டு அவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடிமைகள் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் உள்ளன. அவ்விதிகளால் ஆளப்பட்ட மக்களுக்குச் சரிபார்த்தோர் வரிசையில் இடமிருக்கவில்லை. இலங்கையில் அடிமை முறை 1844இலேயே சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு உரியவன் எனக் கூறும் ஆவணங்கள் வடிவத்தால் பிழையற்றனவாகவும், எழுத்தால் மெய்யானவையாகவும் இருந்திருக்கலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் கைவிட்ட இரண்டாவது வினா அவ்வாவணங்களைப் பொறுத்தமட்டில் நெடுங்காலம் கேட்கப்படாமலே கிடந்தது.

எழுதப்படாத நிலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டு இரு வகையிலும் திருப்புமுனையாகும். அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு நிறைவேற்றப்பட்ட உறுதியின் மூலமே செல்லும் என விதித்தது. மோசடிகளைத் தடுப்பதே அதன் நோக்கம். இன்றும் நம் உறுதிகள் யாவும் இவ்விதியின் வழியிலேயே எழுதப்படுகின்றன.

அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டு நிலங்களும், தரிசு நிலங்களும், குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலங்களும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்றது. கண்டி மாகாணங்களில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவன் அரச சன்னசையோ, கொடைப் பத்திரத்தையோ, வழக்கமான இறையோ ஊழியமோ செலுத்தியமைக்கான சான்றையோ காட்டவேண்டியவனானான். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிட்டு, இடையில் காடாக விடப்படும் சேனை நிலம் இயல்பாகவே எழுத்துச் சான்று குறைந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் பெருமளவில் வேண்டப்பட்ட காலம் அது.

இச்சட்டத்தால் கிராமத்தவர் இழந்த நிலத்தின் அளவு பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் சட்டத்தின் தருக்கம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது. அதுவரை ஏட்டில் இல்லாதது ஏட்டில் இல்லாததாக மட்டுமே இருந்தது. இப்பொழுது ஏட்டில் இல்லாதது எவருக்கும் உரியதல்லாததாயிற்று. நிரூபிக்கும் சுமை, எழுதும் அதிகாரம் உடையவனிடமிருந்து எழுத்து வாய்க்காதவனிடம் மாற்றப்பட்டது. இத்தோட்டங்களில் உழைக்கவந்த மலையகத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக லயன்களில் வாழ்ந்தும், தாம் உறங்கிய நிலத்தின் பதிவேட்டில் தம் பெயரில் ஒரு வரியேனும் இன்றியே வாழ்ந்தனர் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும்.

உறுதிப் பதிவும் உரிமைப் பதிவும்

1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு உறுதிகளைப் பதிவுசெய்யும் முறை நிலைபெறலாயிற்று. இன்று நடைமுறையிலுள்ளது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். இதன்படி காணி ஒன்றுக்கு ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. அக்காணி பற்றிப் பின்வரும் உறுதிகள் அப்பக்கத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன. பக்கம் நிரம்பினால் வேறோர் ஏட்டின் பக்கத்துக்குத் தொடர்ச்சி காட்டப்படுகிறது. பின்னோக்கிச் செல்பவன் ஒவ்வொரு தொடர்ச்சியாகப் பற்றி உரிமையின் மூலத்தை அடையலாம். சங்கிலி போன்ற இவ்வமைப்பு, நாம் பின்னர் நோக்கவுள்ள தொழில்நுட்பத்தை நினைவூட்டுவதாகும்.

ஆனால் இம்முறை உறுதியைப் பதிகிறதேயன்றி உரிமையைப் பதியவில்லை. பதிவு செய்தமையால் உறுதியின் குறை நீங்கிவிடாது எனச் சட்டமே கூறுகின்றது. பதிவினால் கிடைப்பது முந்துரிமை மட்டுமே. தனக்குரியதல்லாத காணியை ஒருவன் உறுதி எழுதி விற்றால், அவ்வுறுதியும் ஏட்டில் ஏறிவிடும்; அது வெறுமை என்று கூறவேண்டியது நீதிமன்றமே.

இக்குறையை நீக்க எழுந்ததே உரிமைப் பதிவு முறை. 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபேட் ரொறென்ஸ் என்பவர் இதற்கான சட்டத்தைக் கொணர்ந்தார். சுங்க அதிகாரியாக இருந்த அவர், கப்பலுடைமைப் பதிவேட்டின் முறையைக் காணிக்கும் பொருத்திப் பார்த்தார் என்பர். இம்முறையில் ஏடே உரிமையாகும். பழைய உறுதிகளைத் தேடவேண்டியதில்லை. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் இவ்வழியைப் பின்பற்றியது. 2007 முதல் ‘பிம் சவிய’ என்ற பெயரில் அது நாடளாவிய திட்டமாக முன்னெடுக்கப்பட்டது. நிலஅளவை செய்து, உரிமை கோருவோரை அழைத்து, விசாரித்து, முடிவை வர்த்தமானியில் வெளியிட்டபின்னரே பதிவு செய்யப்படுகிறது. நம் நாட்டில் தந்தைவழி முதுசமும் தாய்வழிச் சீதனமும் பிரிபடாப் பங்குகளாகப் பல்கிக் கிடப்பதால் இப்பணி எளிதாக அமையவில்லை. ஏடே உரிமையாகும் முறையில் முதற்பதிவின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை இத்தாமதமே உணர்த்துகின்றது.

பிளொக்செயின்

1991இல் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்னும் ஆய்வாளர் இருவர், கணனி ஆவணம் ஒன்று குறித்த காலத்தில் இருந்தது என்பதை மறுக்கவியலாதவாறு நிறுவும் வழியை வெளியிட்டனர். ஓர் ஆவணத்திலிருந்து கணித முறையால் குறியெண் ஒன்றைப் பெறலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் குறியெண் மாறிவிடும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் குறியெண்ணைத் தன்னுள் கொண்டிருக்குமாயின், பழையதொன்றை மாற்ற முனைபவன் அதன்பின் வந்தவை யாவற்றையும் மாற்றவேண்டியவனாவான். 1995 முதல் இத்தகைய குறியெண்கள் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழின் விளம்பரப் பகுதியில் அச்சிடப்பட்டன. ஊரறியச் செய்தல் என்னும் பழைய காவல் புதிய கோலத்தில் வந்ததை இங்கு காண்கின்றோம்.

2008இல் சத்தோசி நக்கமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரை இக்கருத்தை மேலும் வளர்த்தது. பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல கணனிகளில் இருக்கும். புதிய தொகுதியை அவை யாவும் ஒரு விதிப்படி ஏற்கும். தனியொரு பதிவாளர் தேவையில்லை. பிற்காலத்தில் பிளொக்செயின் எனப் பெயர்பெற்ற இம்முறை, செப்பேட்டு வளையத்தின் இலச்சினையைக் கணிதத்தால் ஆக்கியது எனலாம்.

காணிப் பதிவில் இதனைப் பயன்படுத்த முயன்ற மூன்று நாடுகளின் அனுபவம் கருதத்தக்கது. ஹொண்டுராஸில் காணிப் பதிவை இம்முறைக்கு மாற்றும் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. பதிவேடுகளில் நம்பிக்கை குன்றியிருந்த அந்நாட்டில் பலர் அதனை வரவேற்றனர். ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே திட்டம் முடங்கிவிட்டது. ஜோர்ஜியாவில் 2004இல் தேசியப் பொதுப் பதிவு முகவரகம் நிறுவப்பட்டு, பதிவுமுறை சீர்திருத்தப்பட்டு, ஆவணங்கள் கணனிமயமாக்கப்பட்டிருந்தன. 2016இல் அங்கு தொடங்கிய திட்டம், உரிமைச் சான்றிதழ்களின் குறியெண்களை பிளொக்செயினில் பதிந்தது. உரிமையைத் தீர்மானிக்கும் பணி முன்போலவே முகவரகத்திடம் இருந்தது. 1628 முதல் நிலஅளவை நிறுவனம் இயங்கிவரும் சுவீடனில் 2016 முதல் சோதனைகள் நடந்து, 2018இல் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் பரீட்சிக்கப்பட்டது. காணி விற்பனையில் இலத்திரனியற் கையொப்பம் பற்றிய சட்டத்தடை அங்கு குறுக்கிட்டது.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். நல்ல பதிவேடு முன்னரே இருந்த நாடுகளில் இத்தொழில்நுட்பம் கூடுதலான பாதுகாப்பை அளிக்கலாயிற்று. பதிவேடு குறைபட்ட நாட்டில் அது வேரூன்றவே இல்லை. அதாவது, எங்கு மிகவும் வேண்டப்படுகிறதோ அங்கு அதனால் தனித்து நிற்க இயலவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. நாணயப் பெறுமதி ஏட்டுக்குள்ளேயே பிறந்து ஏட்டுக்குள்ளேயே கைமாறுவது. ஆகவே ஏடு கூறுவதே உண்மையாகும். நிலமோ ஏட்டுக்கு வெளியே இருப்பது. ஒருவர் இறந்த கணத்திலேயே அவர் காணி, எவரும் எதுவும் எழுதாமலே, உரித்தாளரைச் சேர்கின்றது. திருமணத்தால், நீண்டகால ஆட்சியால், நீதிமன்றத்தின் பங்கீட்டுத் தீர்ப்பால் உரிமை மாறுகின்றது. இரகசியத் திறவெண்ணைத் திருடியவன் செய்த கைமாற்றமும் கணனிக்கு முறையான கைமாற்றமே. இவற்றைத் திருத்துவதற்கு அதிகாரமுடைய ஒருவர் வேண்டும். அவ்வதிகாரம் இருக்குமாயின் அப்பேரேட்டின் உண்மையான சிறப்பு, மாற்றமுடியாமை அன்று. சுவடின்றி மாற்றமுடியாமையே ஆகும்.

அச்சிறப்பைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஏட்டின் பக்கம் கிழிக்கப்படுதல், பழைய திகதியில் புதிய வரி செருகப்படுதல், ஒரே படி எரிந்துபோதல் ஆகிய இழப்புகளை அது பெருமளவு தடுக்கவல்லது. போரினால் வடக்கிலும் கிழக்கிலும் பதிவேடுகள் சேதமுற்றதை அறிந்த நமக்கு, பல இடங்களில் படிகளைக் கொண்ட பேரேட்டின் பயனை விளக்கவேண்டியதில்லை.

முடிவுரை

நம்மை எதிர்நோக்கும் வினா, எந்த நிலையை நாம் மாறாததாக்கப் போகின்றோம் என்பதே. மூன்று தசாப்தப் போரில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். உறுதிகள் எரிந்தன, நொத்தாரிசுகளும் சாட்சிகளும் மறைந்தனர், ஒருவர் விட்டுச்சென்ற வளவில் வேறொருவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பத்தாண்டு எதிரிடையான ஆட்சியால் உரிமை பெறலாம் என்ற 1871ஆம் ஆண்டின் சட்டம், ஓடியவனுக்கு எதிராக இயங்கும் நிலை தோன்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக்குழுவின் செயல்களினால் தம் உரிமையை நாடமுடியாதிருந்தோருக்கு நிவாரணம் வழங்க 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்படவேண்டி வந்தது. காலம் சென்றதாலேயே ஏட்டின் கூற்று நியாயமாகிவிடாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் இதுவாகும்.

ஆகவே, புதிய பேரேடு வருமாயின் அதற்கு முன்னர் எல்லை நடக்கப்படவேண்டும். ஒவ்வோர் ஊரிலும், ஊரைவிட்டுச் சென்றோரும் அறியும் வகையில், அவரவர் மொழியில் அறிவித்தல் செய்யப்படவேண்டும். எழுத்துச் சான்று இழந்தவரின் வாய்மொழிச் சான்றும், பெண்களின் சீதன உரிமையும், லயனில் வாழ்பவரின் நீண்டகால இருப்பும் கேட்கப்படவேண்டும். பிழையைத் திருத்தும் வழி முதற்பதிவின்போதே வகுக்கப்படவேண்டும். பண்டைய நாட்டார் செய்த இதனை இன்று செய்யப் பல ஆண்டுகள் செல்லலாம். எனினும் இதனை விடுத்து இலச்சினையை மட்டும் பொருத்துவோமாயின், 1840இன் தருக்கத்தையே, எவராலும் உடைக்க முடியாத வளையத்தில் கோத்தவர்களாவோம்.

ஓலை மெய்யானதா என்னும் வினாவுக்கு மனிதகுலம் கண்ட மிகச் சிறந்த விடைகளுள் ஒன்று பிளொக்செயின் என்பதில் ஐயமில்லை. ஓலை கூறுவது முறையானதா என்னும் மற்ற வினாவை அவையில் இருப்போர்தாம் கேட்கவேண்டும்.